சூட்டில் மட்டும் அறும் கம்பி

கிண்ணியாவில் முனீப் பாஸின் கராஜைத் தேடிப் போகிறவர்கள் முதலில் காண்பது பூட்டைத்தான். நாலு தகரமும் ஒரு வேப்ப மர நிழலும் சேர்ந்த அந்த இடத்தில் வாகனங்களின் வயரிங் வேலை மட்டும் நடக்கும். பாதி நாள் அதுவும் நடக்காது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் விசாரித்தால், "ஆர்ர வண்டியிலயோ ஏறிப் போயிட்டாரு. அது எங்க நிக்கிதோ அங்கதான் இறங்குவாரு" என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். 'கூடப்போற முனீப்' என்று அவருக்குப் பெயர் விழுந்து கன காலமாகிறது.

அந்தப் பெயருக்கு அவர் கோபப்படுவதில்லை. அவருக்குக் கோபம் வருவது வேறு ஆட்களிடம். வண்டி எங்கே நின்றது, மழையா வெயிலா, ஏற்றமா இறக்கமா என்று கேட்டால் "தெரியா பாஸ், நிண்டிட்டு" என்று தலையைச் சொறிகிறவர்களைக் கண்டால் அவருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். "புள்ளைக்குக் காய்ச்சல் என்டு போனா, எப்ப துவங்கின என்டு டொக்டரிட்டச் சொல்லமாட்டியா?" என்று சீறுவார். சீறிய கையோடு கரண்ட் பார்க்கிற தன் பழைய முள் மீற்றரைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு அதே ஆளின் வண்டியில் ஏறிவிடுவார். வழியில் நிற்கிற வண்டியை வழியில்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கராஜுக்குள் வந்த வண்டி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல அடக்கமாக இருக்கும். குணம் பிறகுதான் தெரியும் என்பார்.

ஒருமுறை நெல் ஏற்றிய லொறி ஒன்றின் விளக்குகள் ஓடும்போது அணைகின்றன என்று வந்தார்கள். நிறுத்திப் பார்த்தால் பளிச்சென்று எரிகின்றன. முனீப் நெல் மூட்டைகளோடு மூட்டையாக ஏறிப் போனார். தம்புள்ளைக்குக் கிட்டப் போன பிறகுதான், ஒரு வளைவில் லொறி சாயும்போது சட்டத்தில் உரசுகிற வயரைக் கண்டுபிடித்தார். திரும்பி வந்தது மரக்கறி லொறியில், கையில் ஒரு பூசணிக்காயோடு. மனைவி பஸ்மியா பூசணிக்காயை வாங்கிக்கொண்டார். மனிதரோடுதான் சில நாள் கதைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு தடவை கூடப் போகாமல் விட்டார். அந்த ஒரு தடவைதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

ஈச்சிலம்பற்றுக் காசிநாதரின் கார் அவரிடம் வந்தது ரமழான் நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிழமை. காசிநாதரின் கார் என்பது பேச்சுக்கு. வாங்கியதும் ஓட்டுவதும் அவருடைய மகன் அனுசன். பழைய ஜப்பான் கார், அனுசனைவிட வயது கூடியது. அதை வாங்கியது ஒரே வேலைக்காக. காசிநாதருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு இரண்டு தரம் அவரைத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மெஷினில் இரத்தம் சுத்திகரித்து, திரும்ப வீடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வெருகலாற்றுக் கழிமுகத்தில் ஒரு காலத்தில் தனி ஆளாகத் தோணி தள்ளிய மனிதர், இப்போது முன் இருக்கையில் மெஷின் ஊசி குத்திக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தார்.

போகும்போது கார் ஒரு குறையும் வைக்காது. விடியற்காலைக் குளிரில் சிட்டாய்ப் பறக்கும். திரும்பும்போதுதான் சனியன் பிடிக்கும். ஆஸ்பத்திரி வாசல் வெயிலில் காய்ந்த கார், சீனக்குடாவைத் தாண்டிக் கிண்ணியாப் பாலத்தை நெருங்கும்போது படக்கென்று நின்றுவிடும். நின்றதும் அனுசன் செய்தது இந்தப் பக்கத்துச் சாரதிமார் எல்லாரும் செய்வதுதான். பொனற்றைத் திறந்து பெற்றோல் பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பான். பெற்றோல் சூட்டில் ஆவியாகிறது, குளிரவைத்தால் சரிவரும் என்று ஊரெல்லாம் ஒரு நம்பிக்கை. காசிநாதர் தன் தோளில் கிடக்கும் துவாயையே எடுத்துக் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் கார் மெய்யாகவே கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டது.

முனீப் துணி வைத்தியத்தை நம்பவில்லை. "பெற்றோல் வராட்டி இருமி இருமித்தான் நிக்கும் தம்பி. இது படக்கென்டு நிக்கிது. இது கரண்ட் வருத்தம்" என்றார். சொன்னது சரிதான். கார் வந்த அந்தக் காலைக் குளிரிலேயே டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிட்டுக் கொடுக்கிற அந்தக் குமிழுக்குள்ளே, சுழலும் பற்சக்கரம் ஒன்றின் அருகில் பிக்கப் கொயில் என்று ஒரு சின்னச் சுருள் இருக்கும். சக்கரத்தின் பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது 'இப்போது நெருப்பைக் கொடு' என்று சைகை காட்டுவது அதுதான். சைகை நின்றால் எஞ்சின் நிற்கும். முனீப் அதன் இரண்டு வயரிலும் மீற்றரை வைத்தார். முள் சரியான இடத்தில் போய் நின்றது. அப்படியானால் குற்றவாளி வேறு ஆள் என்று முடிவு கட்டி, நெருப்பை உண்டாக்குகிற, வீங்கிப் போயிருந்த பழைய இக்னிஷன் கொயிலைக் கழற்றி வேறொன்றைப் போட்டார். அன்றைக்கு இரண்டு டிராக்டர்கள் வேறு வாசலில் காத்திருந்தன. "இனி நிக்காது. ஐயாவைப் பயமில்லாமக் கொண்டு போங்க" என்று அனுப்பிவைத்தார்.

நோன்பு தொடங்கிய பின் ஒரு நாள் அனுசன் தனியே மோட்டார் சைக்கிளில் வந்து வேப்ப மரத்தடியில் நின்றான். முஸ்லிம்களின் வழக்கப்படி அவன் முனீப்பை 'நானா' என்றுதான் அழைப்பான், அண்ணா என்பது போல.

"கார் எங்க தம்பி?"

"வீட்டை நிக்குது நானா. முந்தநாள் பாலத்தடியில நிண்டிட்டுது. வெயில். அப்பா மயங்கிப் போனார். ஓட்டோ ஒண்டை மறிச்சுத் திரும்ப ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு ஓடினனான்."

முனீப் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார்.

"உங்களைக் குறை சொல்ல வரேல்லை, நானா. பழைய கார், என்ன செய்யிறது. பாலையூற்றில ஒரு அறை பாத்திருக்கிறன். வாற கிழமை அவரைக் கொண்டுபோய் அங்க வைக்கப்போறன். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட. காரை விக்கிறதெண்டால் உங்களுக்கு ஆரும் ஆளைத் தெரியுமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"ஐயா என்ன சொல்றாரு?"

அனுசன் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பாலையூற்றில கொண்டுபோய் வைக்கிறதெண்டால் ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டாராம். வீட்டிலயே விடட்டாம். அவர் சொன்னால் செய்வார், நானா."

மெஷினுக்குப் போகாவிட்டால் காசிநாதர் அதிக நாள் தாங்க மாட்டார். 'இனி நிக்காது' என்று தான் சொன்ன வார்த்தை முனீப்பை மீன் முள்ளாய்க் குத்தியது. வெட்கமாக இருந்தது. வெயிலில் நிற்கிற காரைக் காலைக் குளிரில் பார்த்துவிட்டு, தன் கையாலேயே சுகம் என்று எழுதிக் கொடுத்தது போல அனுப்பியிருக்கிறார். ஊரில் எத்தனை பேரைத் தலையைச் சொறிந்ததற்காக ஏசியிருப்பார்!

"காரை விக்க வேணாம். அடுத்த முறை ஐயாவைக் கூட்டிப் போகேக்க என்னையும் ஏத்துங்க" என்றார்.

"நோன்பெல்லோ நானா? பின்னேரம் வரைக்கும் வெயிலுக்க நிக்கவேணும்."

"நோன்பு எனக்குத்தான். காருக்கு இல்லையே."

காலையில் நல்லதாய்க் காட்டிய பிக்கப் கொயில்தான் வெயிலில் ஏமாற்றுகிறதோ என்ற சந்தேகத்தில் அன்று பின்னேரமே கராஜின் தட்டுகளைக் கிண்டி, அதே இனக் காரின் செத்துப்போன டிஸ்ரிபியூட்டர் ஒன்றிலிருந்து ஒரு பிக்கப் கொயிலைக் கழற்றி எடுத்தார். குளிரில் நல்லது என்று மீற்றர் சொன்னது. குளிரில் சொல்வதை நம்பி ஒருமுறை பட்டது போதும். நேரே குசினிக்குப் போய், வறுக்கிற இரும்புத் தாச்சியில் மணலைக் கொட்டி அடுப்பை மூட்டினார். மணலுக்கு மேல் ஒரு தகரத் தட்டு, தட்டில் கொயில், கொயிலின் வயரில் மீற்றர். நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பஸ்மியா கத்தியைக் கீழே வைத்தார்.

"கச்சான் கொட்டை வறுக்கிற தாச்சியில காரை வறுக்கிறீங்களா?"

"கார் இல்ல, இத்துனூண்டு கொயில்."

"நோம்பு காலத்துல பைத்தியமும் புடிச்சிட்டு" என்றார் பஸ்மியா. ஆனால் அடுப்பைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்ததும் அவர்தான். கையால் தொட ஏலாத சூட்டிலும் முள் இருந்த இடத்தில் இருந்தது. முனீப் கொயிலைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போகிற நாளில் விடியவே கார் வந்து அவரை ஏற்றியது. ஆஸ்பத்திரி வாசலில் அனுசன் வழக்கமில்லாமல் ஒரு மர நிழலைக் கண்டு அங்கே காரை விடப் போக, முனீப் பாய்ந்து மறித்தார். "நிழல்ல விடாதீங்க! நடு வெயில்ல விடுங்க!" வாசலில் நின்ற காவலாளி இவரை ஒரு மாதிரிப் பார்த்தார். மத்தியானம் முழுக்க வெயிலில் கார் காய்ந்தது. அதன் பக்கத்தில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் முனீப்பும் காய்ந்தார்.

காசிநாதர் மெஷினில் இருந்து வெளுத்துப் போய் வந்தார். முன் இருக்கையில் அவர், பின்னால் முனீப். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குத் தண்ணீரும் அளவுதான். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல். அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"உங்களுக்கும் தண்ணியில்லை, எனக்கும் தண்ணியில்லை. நல்ல சோடிதான் போறம்" என்றார் காசிநாதர்.

"எனக்குப் பொழுதுபட, மஃரிபுக்கு வந்திரும் ஐயா" என்று சொன்ன பிறகுதான் முனீப் நாக்கைக் கடித்துக்கொண்டார். காசிநாதர் சிரித்தார்.

சீனக்குடா போனது. பாலம் வந்தது. கார் நிற்கவில்லை. அன்றைக்கென்று குடாவிலிருந்து நல்ல காற்று. நின்று தொலைக்க வேண்டிய நாளில் நிற்காமல் அது வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க முனீப்புக்கு ஆத்திரமாக வந்தது. கிண்ணியாச் சந்தியில் அனுசன் வேகத்தைக் குறைத்தான். முனீப்பின் வீடு அடுத்த ஒழுங்கையில். அங்கே கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்.

"இறங்குங்கோ நானா. இண்டைக்கு நிக்காது போல. அப்பாவும் களைச்சுப் போனார்."

முனீப் கதவில் கை வைத்தார். களைத்த கிழவரை வைத்துக்கொண்டு, நிற்கும்வரை ஓட்டு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னது காசிநாதர்தான்.

"நில்லுங்கோ தம்பி. எனக்கு இண்டைக்கு இது நிக்கவேணும். நீங்கள் இருக்கேக்க நிண்டால் ஒரு வழி பிறக்கும். நிக்காட்டில் வாற கிழமை நான் பாலையூற்றில நாலு சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கவேணும். ஏலுமெண்டால் கூட வாங்கோ."

முனீப் கதவிலிருந்து கையை எடுத்தார். கார் அவருடைய ஒழுங்கையைக் கடந்து மூதூர்ப் பக்கம் போனது.

"ஐயா, இது நிக்கேக்க என்ன நடக்கும்? நீங்க முன்னுக்கு இருந்து பாக்கிறீங்களே" என்று கேட்டார். அனுசனிடம் ஆயிரம் கேள்வி கேட்டவர், முன் இருக்கையில் போய்வருகிற மனிதரிடம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

"ஓம், பாக்கிறனான். வேற என்ன வேலை எனக்கு? உந்த முள்ளு இருக்குதெல்லே," என்று எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்று காட்டும் முள்ளைக் காட்டினார் காசிநாதர், "அது முதல்ல விழும். கார் ஓடிக்கொண்டிருக்கும், முள்ளு அடியில கிடக்கும். பிறகுதான் சத்தம் நிக்கும்."

முனீப் முன்னால் எம்பிக் கிழவரின் தோளைப் பிடித்தார். சில்லு உருள, அதோடு எஞ்சினும் சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் விழுகிறதென்றால் சைகைதான் அறுகிறது. அந்த முள்ளும் பிக்கப் கொயிலின் சைகையை எண்ணித்தான் ஏறி இறங்குகிறது. "ஐயா, இத நீங்க முதலே சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, "இல்ல, நான் முதலே கேட்டிருக்கணும்" என்று முடித்தார்.

அதற்குப் பிறகு இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு போனார்கள். ஆற்றுக்கு மேலான கங்கைப் பாலத்தைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே போகும்போது முள் பொத்தென்று விழுந்தது.

"விழுந்திட்டுது!" என்று காசிநாதர் கத்தினார். கரைவலையில் பாறை மீன் விழுந்தால்கூட அவர் அப்படிக் கத்தியிருக்க மாட்டார். கார் தெருவோரம் உருண்டுபோய் ஒரு மருத மரத்தின் கீழ் நின்றது. சந்தோஷப்படாத ஒரே ஆள் அனுசன். அவன் பழக்க தோஷத்தில் துணியையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

"வையுங்க கீழ! குளிர வெச்சா கள்ளன் ஓடிருவான்!" முனீப் போட்ட சத்தத்தில் வயலில் நின்ற கொக்குகள் எழுந்தன.

மூடியைக் கழற்றினார். பிக்கப் கொயிலின் வயரைப் பிரித்து மீற்றரை வைத்தார். மீற்றர் முள் அசையவே இல்லை. காலைக் குளிரில் அவ்வளவு ஒழுங்காக நின்ற முள், இப்போது செத்துக் கிடந்தது. மீற்றரைத் தூக்கி ஜன்னல் பக்கமாகக் காசிநாதருக்குக் காட்டினார். பிறகு அனுசனிடம், "இப்ப கொண்டு வாங்க உங்கட துணிய" என்றார். ஈரத் துணியை டிஸ்ரிபியூட்டரின் மேல் மெல்லப் போர்த்தினார். மூவரும் மீற்றரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் ஒருதரம் துடித்தது, விழுந்தது, பிறகு மெல்ல ஏறிப் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது.

தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பி சுருளுக்குள்ளே எங்கோ அறுந்திருந்தது. குளிரில் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும். பெற்றோல் பம்பில் போட்ட துணியின் ஈரம் பக்கத்திலிருந்த டிஸ்ரிபியூட்டரையும் குளிரவைத்ததால்தான் இத்தனை நாளும் கார் கிளம்பியிருக்கிறது. கும்பிட்டது ஒரு சாமியை, வரம் தந்தது பக்கத்துச் சாமி.

இனி வேலை இரண்டு சின்ன ஆணிகளைக் கழற்றிப் பூட்டுவதுதான். கேட்க இலகு. சூரியன் சரிந்துகொண்டிருந்தது. விடியலிலிருந்து ஒன்றும் இறங்காத உடம்பில் முனீப்பின் விரல்கள் நடுங்கின. ஓர் ஆணி கை தவறினால் எஞ்சினுக்கு அடியில் போய்விடும், பிறகு இருட்டில் தேட ஏலாது. அவர் காரில் நெற்றியைச் சாய்த்துக் கொஞ்சம் நின்றார். "நானா, நான் செய்யட்டா?" என்று அனுசன் கேட்டான். "வேணாம். நான் விட்ட பிழை" என்றார்.

பழைய கொயில் வந்தது. பையிலிருந்த வறுத்த கொயில் உள்ளே போனது. அதற்கும் பற்சக்கரத்துக்கும் இடையில் கடதாசி அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். அதை அளக்க அவர் எப்போதும் வைத்திருப்பது பித்தளைத் தகடு. உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத் தகடு ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும், பித்தளை சொல்லாது. தகடு லேசாக உரசிக்கொண்டு போய்வந்தது. முதல் ஆணியை இறுக்கினார். இரண்டாவதை இறுக்கிக்கொண்டிருக்கும்போது வயல்களுக்கு அப்பால் ஏதோ ஒரு பள்ளிவாசலிலிருந்து நோன்பு திறக்கிற மஃரிப் வாங்கு கேட்டது.

பஸ்மியா விடியற்காலையிலேயே பைக்குள் வைத்துவிட்டிருந்த பேரீச்சம்பழத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு முனீப் காரின் பின்பக்கம் போனார். காசிநாதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த மனிதருக்கு முன்னால் ஒரு போத்தல் தண்ணீரை மடமடவென்று குடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"தம்பி, இஞ்சால வந்து குடியுங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உங்கை ஏன் ஒளிக்கிறியள்?"

முனீப் தயங்கித் தயங்கி ஜன்னலடிக்கு வந்தார். காசிநாதர் துவாய் சுற்றியிருந்த தன் போத்தலைத் திறந்து வைத்திருந்தார். அடியில் கொஞ்சம் கிடந்தது.

"அது உங்களுக்கு ராவைக்கு வேணுமே ஐயா."

"ராவைக்கு நான் வீட்டை கிடப்பன். தாகத்தோட எண்டாலும் என்ர வீட்டில கிடப்பன். நோன்பு திறக்கிற ஆள் தனியக் குடிக்கப்படாது. ஒரு முடக்கு, வாங்கோ."

இருவரும் அவரவர் போத்தலிலிருந்து ஒன்றாகக் குடித்தார்கள். முனீப்புக்குக் கண் கலங்கிவிட்டது. பேரீச்சம்பழத்தை அனுசனிடம் ஒன்று நீட்டி அதை மறைத்துக்கொண்டார்.

சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. அனுசன், "மூதூரில இறக்கி விடட்டா, பஸ் இருக்கும்" என்று கேட்டபோது, "இனி நிக்காது என்டு போன முறையும் சொன்ன ஆள்தான் நான். வீடு வரைக்கும் வாறன்" என்றார் முனீப். மூதூர் போனது. தெருவில் மாடுகள் மறித்து, நின்று நின்று போனபோது எஞ்சின் நன்றாகவே சூடேறியது. முள் விழவில்லை. ஈச்சிலம்பற்றில் வேலியோரமாக அனுசன் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்கப் போனான். முனீப் அவன் கையைப் பிடித்தார்.

"ஓடட்டும். இன்னும் சூடேறட்டும்."

காசிநாதர் தானே கதவைத் திறந்து இறங்கினார். மகன் தாங்க வந்த கையைத் தட்டிவிட்டுப் படலையைத் திறந்து, முற்றத்து மணலில் மெல்ல நடந்து போனார். வாசற்படியில் ஒருதரம் நின்று, "அந்தப் பாலையூற்று வீட்டுக்காரருக்குச் சொல்லு, வேற ஆளைப் பாக்கச் சொல்லி" என்றார். பிறகு உள்ளே போய்த் தன் கதிரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

முனீப் முன் இருக்கைக்கு மாறியிருந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீடு திரும்ப ஒரு வழியும் அவருக்குத் தெரியவில்லை. பஸ்மியா எத்தனை நாள் கதைக்காமல் இருப்பாரோ என்பதும் தெரியவில்லை.

"முனீப் தம்பி," என்று உள்ளேயிருந்து காசிநாதர் கூப்பிட்டார், "இனி நிப்பாட்டுங்கோ. நான் வந்திட்டன்."

முனீப் சாவியைத் திருப்பினார். கார் நின்றது.